ஏழின் நடுவே ஒரு கோடு

இன்று காலை பெருங்காய டப்பாவைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் வீடு முழுக்க உங்கள் வாடை வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் நீங்கள் கணக்கு எழுதிய கடைக்குச் சரக்கு வந்த தகர டப்பா அது. மகள் பிறந்த சான்றிதழில் தொடங்கி வீட்டின் முக்கியமான காகிதம் எல்லாவற்றையும் அதில்தான் போட்டு வைப்பீர்கள். ஒரு ஃபைல் வாங்கினால் என்ன என்று கேட்டால், "பெருங்காய டப்பாவை எந்தக் கள்ளன் திறப்பான்?" என்பீர்கள். நீங்கள் போன பிறகு வந்த மகனுடைய பிளஸ் டூ மார்க் லிஸ்டையும் நான் அதிலேதான் போட்டேன். அதுவும் இப்போது சாம்பாரில் முக்கி எடுத்த மாதிரி மணக்கிறது.

அவனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. சிட்டியில் மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் முதல் வருஷத்துக்குப் போதும். உதவித்தொகை வந்தால்தான் இரண்டாம் வருஷம். அதற்கான ஃபாரத்தை அவன் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "அம்மா, நாளைக்கு லாஸ்ட் டேட்டாக்கும். அக்கவுண்ட் நம்பரை எழுதிக் கையொப்பு போட்டுத் தா" என்றான். மேலே அச்சடித்திருந்த பெயரை இரண்டு தடவை படித்தேன். மகள் படிப்புக்கு நாம் எழுதிப்போட்ட அதே டிரஸ்ட்.

நீங்கள் இருந்தவரை சந்தேகப்படும் வேலையை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். என் பங்குக்கு நான் உங்களைக் கேலி பண்ணினால் போதுமாக இருந்தது. இப்போது அந்த வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால், எந்தக் கிளை, மேனேஜர் பெயர் என்ன, வாசலில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்கிறேன். அந்த மரக் கேள்வி உங்களுடையது. இதுவரை ஒருத்தனும் பதில் சொன்னதில்லை.

என் தம்பி ஒருதரம் பிள்ளைகள் படிப்புக்கான சேமிப்புத் திட்டம் என்று வழவழ காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் பட்டமளிப்புத் தொப்பி போட்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கண்ணாடியைப் போட்டு அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு யாரு பீஸ் கட்டுனா?" என்று கேட்டீர்கள். அவன் அதற்குப் பிறகு ஆறு மாதம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் நம்பிய ஒரே சேமிப்பு அந்தச் சிட்டிதான். அதுவும் சிட்டி நடத்துகிறவருடைய துணிக்கடை உங்கள் கடைக்கு நேர் எதிரே இருந்ததால். தினமும் காலையில் அவர் ஷட்டர் தூக்குவதைப் பார்த்த பிறகுதான் நீங்கள் கல்லாப் பக்கம் போவீர்கள் என்று கடைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

மகள் பிளஸ் டூ முடித்த வருஷம் பெங்களூர் ஏஜென்ட் வந்தது நினைவிருக்கிறதா? நர்ஸிங் சீட், ஹாஸ்டல், எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று தேன் ஒழுகப் பேசினான். கடைசியில் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் இப்போதே தரவேண்டும் என்றான்.

"சேட்டா, ஒண்ணும் பேடிக்க வேண்டா. என் கையில பத்திரமா இருக்கும்" என்றான்.

"பயம் ஒண்ணும் இல்ல. உங்க டிரைவிங் லைசென்ஸை எடுங்க. அது என் கையில பத்திரமா இருக்கட்டும். என் மக சர்டிபிகேட் திரும்பி வரும்போது வாங்கிக்கிடுங்க."

அவன் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. கை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தீர்கள். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டான். எனக்கு அன்று உங்கள்மேல் கோபம். அடுத்த வருஷம், கரமனையில் நம் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அவன் சேர்த்துவிட்ட காலேஜ் பிடிக்காமல் திரும்பி வந்தார்கள். சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்டதற்கு மூன்று வருஷப் பீஸையும் கட்டச் சொன்னான். அன்றிலிருந்து உங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்த லைசென்ஸ் கதைதான்.

மகளுக்கு இங்கேயே நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்தது. இரண்டாம் வருஷப் பீஸுக்கு அவளாகவே தேடிக் கண்டுபிடித்தது இந்த டிரஸ்டை. நேர்காணலுக்குப் போனாள், பெயர் வந்தது, ஃபாரமும் வந்தது. அக்கவுண்ட் எண் கேட்டிருந்தார்கள். அந்த அக்கவுண்டில்தான் நாம் சிட்டி பிடித்த பணம் கிடந்தது. நீங்கள் ஃபாரத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிவிட்டு, சமையலறைக்கு வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்.

"கடைசி நம்பரை மாத்தி எழுதியிருக்கேன். ஒண்ணுக்குப் பதிலா ஏழு. நெசமாவே பணம் குடுக்கிறவன்னா, பணம் போகலியேன்னு திரும்பக் கேப்பான். அப்போ சரியான நம்பரைக் குடுப்போம். கள்ளன்னா, போய் முட்டிக்கிடட்டும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன். லைசென்ஸ் விஷயத்தில் உங்களைத் திட்டியவள் இல்லையா? இந்தத் தடவை முந்திக்கொண்டு பாராட்டிவிட்டேன். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. "பாத்தியா? கள்ளம்மாரு" என்று நீங்கள் இரண்டு மாதம் குளிர்ந்துபோய் இருந்தீர்கள். பிறகு அவள் வகுப்பில் இன்னொரு பிள்ளைக்குப் பணம் வந்த செய்தி வந்தது. நீங்கள் டிரஸ்டுக்குப் போன் செய்தீர்கள். அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது, காத்திருந்த அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்களாம். போனை வைத்துவிட்டு வெகுநேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். மகள் வந்து கேட்டபோது, "அவனுக ஏமாத்திட்டானுக மகளே" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வாரம் ஸ்கூட்டரைக் காணோம். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று கதை விட்டீர்கள். கரமனையிலிருந்து சாலைக்கு மழையிலும் வெயிலிலும் நடந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போனீர்கள். பீஸ் கட்டியாயிற்று. மகள் படித்து முடித்து, இதே ஊரில் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தாள். போன கர்க்கடக மாசத்து ஆடி மழையில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது உங்கள் கையைப் பிடித்திருந்தவள் அவள்தான்.

ஆனால் ஒன்று. அவள் சின்ன வயதிலிருந்தே எதையும் ஏன், எதற்கு என்று குடைகிறவள். கடலைப் பொட்டலம் வாங்கினாலும் எடை கேட்பாள். அப்படிப்பட்டவள் அந்த டிரஸ்டைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே இடித்தது. உங்களிடம் சொன்னேன். "பிள்ளைக்கு விட்டுப்போச்சு, நீ கிளறாதே" என்றீர்கள்.

இன்று மேசையில் ஃபாரத்தை விரித்தேன். இப்போது எண்ணை இரண்டு தடவை எழுதச் சொல்கிறார்கள். உங்களைப் போல எத்தனை பேர் இருந்தார்களோ. பாஸ்புக்கைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இந்த அக்கவுண்டில்தான் உங்கள் சேமநிதிப் பணம் கிடக்கிறது. சிட்டிப் பணத்தைப் பீஸுக்குக் கட்டிவிட்டால், அவசரத்துக்கு வேறொன்றும் நம்மிடம் இல்லை. இவர்கள் நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

மகள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முடியைக் கட்டியபடி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும்மா. ஏழு இல்ல."

நான் திரும்பாமலே கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பமே அவங்க ஆபீசுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவங்க ஃபாரத்தை எடுத்துக் காட்டினாங்க. ஏழுக்கு நடுவுல கோடு. அப்பாவைத் தவிர அப்படி யாரு போடுவா?"

ஒன்றும் ஏழும் குழம்பிவிடக் கூடாது என்று கடைக் கணக்கில் நீங்கள் போடுகிற கோடு. பொய்யாக எழுதிய எண்ணிலும் அதை விடாமல் போட்டிருக்கிறீர்கள்.

"அப்பாகிட்ட ஏன் கேக்கல?"

"கேக்கணும்னுதான் வந்தேன். அன்னைக்குத்தான் ஸ்கூட்டரை வித்துட்டு, டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு சொன்னாரு. பின்னே என்ன கேக்க?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளிடமிருந்து நாம் மறைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் உங்களிடமிருந்து மறைத்து, உங்களைக் கடைசிவரை சரியான ஆளாகவே நடக்க விட்டிருக்கிறாள். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டீர்களே, வீட்டுக்குள் இருந்த இந்தக் கள்ளியை ஒருநாளாவது சந்தேகப்பட்டீர்களா?

ஒன்று என்று எழுதினேன். இரண்டாம் வரிசையிலும் ஒன்று என்றே எழுதினேன். மகன் ஃபாரத்தைக் கேட்டான், கொடுக்கவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். அங்கே இருந்த பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். அந்த ஆபீஸ் சாலையிலிருந்து நடக்கிற தூரம்தான். அத்தனை நாள் நடந்தீர்களே, ஒருநாள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். வாசலில் பலாமரம் நிற்கிறது. அவர்கள் பேரில் போன் வந்தால் கேட்டுக்கொள்வேன்.