மின்சாரம் நிற்கவில்லை

ஹல்லிலைடு தீவு,
ஜனவரி 3

அன்புள்ள லூலேவுக்கு,

நலம். தார்த்து நகரத்தில் நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டைதான் வரும், எழுதினால் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே மைனஸ் இருபத்துநான்கு. கடல் உறைந்துவிட்டதால் தபால் பனிவண்டியில் வருகிறது. புயலில் அறுந்த கடலடி மின்கேபிளை இளவேனிலுக்கு முன்னால் சரிசெய்ய முடியாதாம். பதினான்கு வீட்டுக்கும் என் இரண்டு காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பேட்டரிக் கொட்டகையும்தான் கதி. பக்கத்து வீட்டு எல்மார் வழியில் பார்த்தால் விடுவதில்லை. "என்ன வால்டுர், காத்தாடி தூங்குதா? நீயே ஏறி ஊதிவிடேன்!" என்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். நீ போனதிலிருந்து ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்கவில்லை.

புளித்த முட்டைக்கோஸ் பீப்பாயில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஒருத்தன் எவ்வளவுதான் சாப்பிடுவது?

உன்
வால்டுர்


தார்த்து,
ஜனவரி 9

பிடிவாதக்கார வால்டுருக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "புருஷன் எழுதினதா, மின்வாரியம் எழுதினதா?" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இருமல் விட்டுவிட்டது. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நவம்பரில் எனக்குக் காய்ச்சல் கொதித்த அன்று, என்மேல் கிடந்த கம்பளிப் போர்வையை உருவிக்கொண்டு போய் பேட்டரிக்குப் போர்த்தினாய். கண்ணைத் திறந்து பார்த்தால் நீயும் இல்லை, போர்வையும் இல்லை. என்னைக் கட்டியதற்கு அந்தக் கொட்டகையையே நீ கட்டிக்கொண்டிருக்கலாம்.

படகில் ஏறும்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். உன் கரண்ட் நிற்கிற அன்றைக்கு எழுது, வந்துவிடுகிறேன். அன்றைக்குத்தான் உனக்குப் பெண்டாட்டி ஞாபகம் வரும்.

காதுமூடிக் குல்லாய் போடாமல் வெளியே போகாதே.

லூலே


ஹல்லிலைடு தீவு,
ஜனவரி 16

அன்புள்ள லூலேவுக்கு,

உன் இருமல் விட்டதில் சந்தோஷம். போர்வை விஷயம்: பேட்டரி உறைந்தால் சார்ஜ் ஏறாது என்பது உனக்கும் தெரியும். இப்போது அதற்குத் தனி உறை வாங்கிவிட்டேன். உன் போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் மைனஸ் முப்பத்தொன்று. குளிரைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் இவ்வளவு குளிர் வந்தால் காற்று செத்துவிடுகிறது. ஐந்து நாள் இரண்டு காற்றாலையும் அசையவில்லை. வெயில் தலைகாட்டும் ஆறு மணிநேரத்துக்காகத் தகடுகள் மேலிருந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தேன். வீடு வீடாகப் போய் முறை வைத்தேன். ஒரு வீடு துணி துவைத்தால் இன்னொரு வீடு துவைக்கக் கூடாது, ஒரு வீட்டில் ரொட்டி சுட்டால் இன்னொரு வீட்டில் சுடக் கூடாது. எல்மாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்ல எப்ப ரொட்டி சுடணும்னு நீ சொல்றியா? உம் பொண்டாட்டி போனதுல தப்பே இல்லடா" என்றார். ஆனாலும் முறைக்கு ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேட்டரி பதினொரு சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது. அப்போதுதான் மேற்கே இருந்து காற்று கிளம்பி, முதல் இறக்கை மெல்லத் திரும்பியது. லூலே, ஒரு வீட்டில்கூட விளக்கு அணையவில்லை. இதைச் சொல்ல வீட்டுக்கு ஓடிவந்தேன். கதவைத் திறந்து "லூலே!" என்று கூப்பிட்டும் விட்டேன். அப்புறம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.

வேறு செய்தி இல்லை.

உன்
வால்டுர்


ஹல்லிலைடு தீவு,
ஜனவரி 21

லூலேவுக்கு,

மின்சாரம் நின்றுவிட்டது. எழுதச் சொல்லியிருந்தாயே என்று எழுதுகிறேன். மெழுகுவத்தி வெளிச்சம், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

வால்டுர்


தார்த்து,
ஜனவரி 26

வால்டுருக்கு,

உன் கடிதம் வந்ததும் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். இரண்டு பாவாடை மடித்திருப்பேன், எல்மார் பெண்டாட்டி ஹெல்கி போன் செய்தாள்.

"லூலே, ஊரெல்லாம் லைட் எரியுது, உங்க வீடு மட்டும் அஞ்சு நாளா இருட்டு. செத்துகித்துப் போயிட்டானோன்னு பயந்து எங்க வீட்டுக்காரர் கதவையே உடைக்கப் போயிட்டாரு. உள்ள பாத்தா உம் புருஷன் மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, மெழுகுவத்தி முன்னாடி உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருக்கான். என்னடி ஆச்சு அவனுக்கு?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் அக்காவுக்குத் தெரியாமல் சமையலறைக்குப் போய் அழுதேன். ஊருக்கு அணைக்க உனக்கு மனசு வரவில்லை, உன் வீட்டை மட்டும் அணைத்திருக்கிறாய். மைனஸ் இருபத்தெட்டில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய், முட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்காக நீ ஒன்றை அணைத்தது இதுதான் முதல்தடவை.

ஆனால் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். வீம்பு இல்லை. மின்சாரம் நின்றுவிட்டது என்று எழுதினாய். வா என்று எழுதவில்லை. ஒரே ஓர் எழுத்து, அதைச் சொல்லக்கூட உனக்குக் கரண்ட் வேண்டியிருக்கிறது. இருட்டைக் காரணம் காட்டி நான் வந்தால், விளக்கு எரிந்ததும் நான் எதற்கு?

சுவிட்சைப் போடு. உன்னை நினைத்துத்தான் தூக்கமில்லை.

லூலே


ஹல்லிலைடு தீவு,
ஜனவரி 31

லூலே,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நான்கிலும் பேட்டரியைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

சுவிட்சைப் போட்டுவிட்டேன். எல்லா அறையிலும் விளக்கு எரிகிறது. காற்று நன்றாக வீசுகிறது, பேட்டரி நிறைந்திருக்கிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை, உன் உதவி எதற்கும் தேவைப்படவில்லை.

வா.

வால்டுர்