யோசித்துச் சொல்கிறேன் என்ற பார்ட்னருக்கு

பார்ட்னர்,

இன்று காலை நம் மாவுக்கடையில் முதல் டிரம்மின் மூடியைத் திறந்ததும் புளிப்பு வாசம் முகத்தில் அடித்தது. இட்லிக்கு வேண்டிய புளிப்பு இல்லை, அதையும் தாண்டிப் போன புளிப்பு. விடிவதற்கு முன்பே கரண்ட் போயிருக்கிறது. பெரிய ஃப்ரிட்ஜ் சும்மா நின்றிருக்கிறது. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். உன் ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போனை எடுத்திருப்பாய்.

நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த மடலை நானே எழுதுகிறேன். நான் சொல்லி வேறு யாரும் எழுதவில்லை. ‘ஞ’ எழுதத்தான் இன்னும் பயம். அது வரும் இடத்தில் பேனாவை நிறுத்தி ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். மேலே ‘ஞாபகம்’ என்று எழுதியிருக்கிறேன், பார். நன்றாகவே வந்திருக்கிறது.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். உளுந்து மண்டிக்காரரை நம்ப மாட்டேன். கிரைண்டர் ரிப்பேர்காரரை நம்ப மாட்டேன். இருபத்திரண்டு வருடம் கூட்டாளியாக இருந்த உன்னையும் நம்பவில்லை. இதை உன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இப்போது எழுத வருகிறது, சொல்கிறேன்.

எல்லாம் அந்தச் சேலத்து அம்மாவால் வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கிச் சாப்பிடும் பி.ஜி. விடுதி நடத்துகிறவர். நாம் அரைக்கும் மாவில் பாதி அவருக்கே போகிறது. அவர் நிறுத்தினால் நாம் ஒரு கிரைண்டரையும், அதில் வேலை செய்கிற இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் நீ வாரத்துக்கு ஒரு நாள் வண்டியோடு அங்கே போய் இரண்டு மணி நேரம் கழித்து வருவாய். மாவை இறக்க இரண்டு மணி நேரமா? ஒரு நாள் உனக்குத் தெரியாமல் பஸ் மாறி மாறிப் பின்னால் வந்தேன். பி.ஜி.யின் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தால், கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து நீ தோசை தின்றுகொண்டிருந்தாய்.

“வேவு பாக்க வந்தியா பார்ட்னர்? வா, உக்காரு. உனக்கும் ஒண்ணு ஊத்தச் சொல்றேன்.”

“நம்ம மாவை நம்ம வீட்ல தின்னா ஆவாதா? இம்மாந்தூரம் வரணுமா?”

“நம்ம வீட்ல நம்ம கல்லு, இங்க இவங்க கல்லு. இது ஒட்டுதா இல்லையான்னு ஜீவனஹள்ளியில நம்ம கடையில உக்காந்துக்கினு எப்படித் தெரியும்?”

அந்த அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு அனுப்புவதை மட்டும் கொஞ்சம் கெட்டியாக அரைக்கச் சொன்னாய். அவருக்கு மட்டும் ஏன் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

இன்னொரு நாள் உளுந்து பழசாக வந்துவிட்டது. வண்டி கிளம்புவதற்குள் நீ அவருக்குப் போன் போட்டாய். “அம்மா, இன்னிக்கு உளுந்து சரியில்ல. இட்லி கல்லு மாதிரி வரும். தோசைக்கு மட்டும் வெச்சுக்கோங்க.” நான் போனைப் பிடுங்கவே வந்துவிட்டேன்.

“உனக்குப் பைத்தியமா? நம்ம வாயால நம்ம மாவைக் கெட்டதுன்னு சொல்லுவியா?”

“சும்னிரு பார்ட்னர்,” என்று கன்னடத்தில் என்னை அடக்கினாய். “நாளைக்கு அந்தப் பொண்ணுங்கல்லாம் தட்டோட வந்து அவங்களத் திட்டும். அதுக்கு இன்னிக்கே அவங்க என்னைத் திட்டிக்கட்டும்.”

அவர் திட்டியது தள்ளி நின்ற எனக்கே கேட்டது. நீயோ போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். திட்டு வாங்குகிறவன் சிரிக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, என்னைக் கழற்றிவிடத்தான் பார்க்கிறாய் என்று முடிவு கட்டினேன்.

எனக்கு எழுத்து தெரியாததால் கடைப் போனில் வரும் செய்திகளை நீ படித்துக் காட்டுவாய். அதில் பாதியைத்தான் நம்புவேன். நீ போன பிறகு, எங்கள் தெருப் புத்த மன்றத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனேன். டீச்சர், “இந்த வயசுல எதுக்கு ஐயா வந்தீங்க?” என்று கேட்டார். “பேப்பர் படிக்கணும்மா” என்றேன். பொய். அந்தப் போனில் நீ விட்டுப்போனதைப் படிக்கத்தான் போனேன்.

ஆனால் படிப்பு எனக்குப் பிடித்துவிட்டது பார்ட்னர்! காலண்டரின் பின்பக்கத்தைப் படிக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிக்கிறேன். பஸ் போர்டு கன்னடத்தில் இருக்கிறது. அது அடுத்த வருடம்.

உன் செய்திகளைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒன்றைப் படிப்பதற்குள் டீ ஆறிவிடும். மாவு, மழை, வண்டி தாமதம், அந்த அம்மாவின் மகனுக்குக் காய்ச்சல் குறைந்ததா என்ற விசாரிப்பு. பிறகு ஒரு நாள் அது கிடைத்தது. “உங்க பார்ட்னர் எப்பவும் சிடுசிடுன்னு இருக்கார். அவரை விட்டுட்டு நீங்க தனியா பண்ணுங்க. என் தங்கச்சி பி.ஜி.க்கும் உங்ககிட்டயே வாங்கறோம்” என்று அவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நீ: “யோசிச்சுச் சொல்றேன்மா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மறுபடியும் மாவு, மழை, வண்டி. அந்த வரியை நாற்பது தடவையாவது படித்திருப்பேன். நான் எங்கும் தடுமாறாமல் படித்த முதல் வரி அதுதான். உன் இடத்தில் இப்போது உன் மகள் உட்காருகிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் மகள்தானே என்று அவளையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று காலைக்கு வருகிறேன். புளித்த மாவைச் சத்தம் காட்டாமல் அனுப்பிவிடத்தான் முதலில் நினைத்தேன். பாக்கெட் மாவு கம்பெனிக்காரர் ஒருவர் அந்த அம்மாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். நாமே குறையைச் சொன்னால், கம்பெனி மாவுக்கு மாறிக்கொள்ள அவருக்கு நாமே சாக்குக் கொடுத்ததாகிவிடும். ஆனால் நாளை இட்லிக்கு அந்த மாவு ஆகாது. என்ன ஆயிற்று என்று கேட்பார்.

போனில் பேசினால் என் வாய் தானாகப் பொய் சொல்லிவிடும். அதனால் எழுத உட்கார்ந்தேன். “மாவு இங்கிருந்து போகும்போது நன்றாக” என்று ஆரம்பித்தேன். பொய்யை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பாதியிலேயே வெட்கமாகிவிட்டது. அழித்தேன். பிறகு எழுதினேன்: “அம்மா, மாவு புளித்துவிட்டது. தவறு எங்களுடையது. இன்று இரவே தோசை ஊற்றிவிடுங்கள். நாளை இட்லிக்குப் புதிதாக அரைத்துத் தருகிறேன்.” அரை மணி நேரம் ஆயிற்று. வண்டி வாசலில் நின்றது.

உடனே போன் வந்தது. “யாரு எழுதினது இது?”

“நான்தாம்மா.”

“சும்மா சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் எழுதத் தெரியாதே. பார்ட்னர் பொண்ணை விட்டு எழுத வெச்சீங்களா?”

எனக்குக் கோபமே வரவில்லை. பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் திட்டினார். நானும் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், “சரி, அனுப்புங்க. வெங்காயம் போட்டு ஊத்தப்பமா ஊத்திடறேன். நாளைக்கும் கோட்டை விட்டீங்க, அந்தப் பாக்கெட்காரன் வாசல்லயே நிக்கிறான்” என்றார். பிறகு குரலை இறக்கினார். “ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீங்க தனியா பண்ணுங்களேன். தங்கச்சிக்கும் உங்ககிட்டயே வாங்கச் சொல்றேன்.”

முடியாது என்றால் பாதி மாவு போய்விடும். சரி என்றால் உன் மகள் தெருவில் நிற்பாள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “யோசிச்சுச் சொல்றேன்மா.”

அவர் சத்தமாகச் சிரித்தார். “உங்க பார்ட்னரும் இதையேதான் சொன்னாரு. நாலு வருஷம் யோசிச்சாரு!”

அவர் மனமும் நோகாமல், என்னையும் விடாமல், நாலு வருடம் ஓட்டியிருக்கிறாய். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் ஒரு நாளாவது நிஜமாகவே யோசித்திருப்பாய் என்றும் நினைக்கிறேன். நான் இருந்த இருப்புக்கு நீ யோசிக்காமல் இருந்திருக்க முடியாது.

ஆனாலும் ஒரு மனக்குறை பார்ட்னர். வாங்குகிறவரிடம் நம் குறையை முந்திக்கொண்டு சொல்வாய். கூடவே நின்ற என்னிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்று நாள் கத்தியிருப்பேன். நாலாவது நாள் அடங்கியிருப்பேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் இதை மட்டும் நான் மாற்றிக்கொள்கிறேன்.

மத்தியானம் உன் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உன் பழைய வரியைக் காட்டினேன். இன்று அந்த அம்மா கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதை எதுக்குப் பெரியப்பா இப்ப எங்கிட்ட சொல்றீங்க?”

“தெரிஞ்சிக்கோம்மா, அவ்ளோதான்.”

அவள் நம்பவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. இருபத்திரண்டு வருடம் என் முகத்தில்தான் இருந்தது.

“அந்தம்மாகிட்ட நானே ஒருவாட்டி பேசட்டுமா?” என்றாள். பேசு என்று போனைக் கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். என் கால் தானாகக் கதவுப் பக்கம் போயிற்று. திருப்பிக்கொண்டேன். நாளை மாவுக்கு உளுந்து ஊறப்போட வேண்டியிருந்தது.