பெட்டிக்குள் இரண்டாவது சிடி

ஓட்டப்பிடாரம்
6.2.2015

பிரியமுள்ள மருமக சத்யபிரியாவுக்கு,

அத்தை கோமதி எழுதுதேன். செண்பகவல்லித் தாயி புண்ணியத்துல இங்கன ஒரு கொறையும் இல்ல. போன் போட்டா நீ எடுக்கல, அதான் பேனாவ எடுத்துட்டேன்.

போன வருசம் நம்ம ஊருல எடுத்தாவள்ல, அந்தக் காலத்துச் சாதிக் கொடுமையப் பத்தின படம், அதோட சிடி வந்துட்டு. நடிச்ச எல்லாருக்கும் கம்பெனிக்காரவியளே பெட்டியோட அனுப்பியிருக்காவ. தியேட்டருக்கு ஒருத்தரும் போகல, இப்ப தெருவே நம்ம வீட்டுலதான் கெடக்கு. நான் வாரது ஒரே இடம். வெயில்ல ஒருத்தி வாசல்ல வந்து தண்ணி கேப்பா. நான் உசரத்துல இருந்து அவ கையில ஊத்துவேன். அவ போனதும் அவ நின்ன இடத்துல செம்புத் தண்ணிய தெளிச்சிட்டு உள்ள போவேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சாமி அந்த இடம் வந்தா நிறுத்தி, பின்னால ஓட்டி, மறுபடியும் போடுதான். "எக்கா, நீ பொறந்ததே இதுக்குத்தான்"னு கேலி வேற.

கடையிலயும் விக்காவளாம், வாங்கிப் பாரு. நீ கட்டிக்கப் போற இசக்கிமுருகனோட அம்மா பேச்சித்தாய் மதினி பாத்தா மட்டும் ஒண்ணு சொல்லிரு. அவிய ஆளுகளப் பத்தின படம்ல, மனசு நோவும். ஊத்துனது, தெளிச்சது எல்லாம் டைரக்டர் சொல்லிக் குடுத்தது. சாமி கும்பிடுதவ நான், எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்.

கல்யாணத் தேதி பேச எப்ப வாரிய? முறுக்குக்கு நம்ம காட்டு உளுந்தக் காயப் போட்டிருக்கேன்.

உன் அத்தை
கோமதியம்மாள்


கோயம்புத்தூர்
15.2.2015

அத்தைக்கு,

உங்க கடுதாசி வர்றதுக்கு முன்னாலயே படத்தப் பார்த்துட்டோம். இசக்கிமுருகன் வீட்லதான், அவங்க அம்மா பக்கத்துல உக்காந்து. நீங்க வந்ததும் "எங்க அத்தை"ன்னு நான்தான் பெருமையா காட்டினேன்.

பெட்டியில இன்னொரு சிடி இருக்கு. படம் எடுத்தப்ப என்னென்ன நடந்துச்சுன்னு காட்டுறது. நீங்க அதைப் போட்டுப் பார்க்கலன்னு நினைக்கிறேன். அதுல டைரக்டர் உங்ககிட்ட, "ஊத்திட்டு உள்ள போயிருங்கம்மா, அவ்வளவுதான்"ங்கிறாரு. நீங்க உள்ள போயிட்டு, யாரும் சொல்லாமலே திரும்பி வந்து தெளிக்கிறீங்க. அப்புறம் அவரு, "இத அப்படியே வச்சுக்கலாம்"ங்கிறாரு.

ஐப்பசியில அவங்க அம்மா நம்ம வீட்டுக்கு வந்துட்டு ஆட்டோவுல ஏறினப்ப திரும்பிப் பார்த்தாங்க. நீங்க செம்போட வாசல்ல நின்னீங்க. விளக்கேத்துறதுக்கு வாசல் தெளிக்கிறாங்கன்னு நான் சொன்னேன். அவங்களும் "சரிம்மா"ன்னாங்க. அப்ப உச்சி வெயில், அத்தை.

சிடி முடிஞ்சதும் அவங்க எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டு வந்தாங்க. என்னால குடிக்க முடியல.

சத்யபிரியா


ஓட்டப்பிடாரம்
24.2.2015

ஏட்டி பிரியா,

கதவ அடைச்சிட்டு அந்தச் சிடியப் பாத்தேன். நீ சொன்னது போலத்தான் இருக்கு. நிறுத்துனா அங்கனயே குனிஞ்சு நிக்கேன், கையில செம்போட. நிமிர மாட்டேங்கேன்.

பெட்டியப் பீரோவுல வச்சுப் பூட்டுனேன். பொறவு மனசு கேக்காம கிபாயத்துல்லா அண்ணாச்சி சிடி கடைக்குப் போயி, அந்த இடத்த மட்டும் அழிக்க முடியுமான்னு கேட்டேன். "உங்க சிடிய ஒடச்சிரலாம்மா, ஊரு பூரா இருக்கத என்ன செய்ய?"ங்காரு. கோயிலுக்குப் போனா பூசாரி முதக்கொண்டு, "நடிகை வந்தாச்சு, வழி விடுங்க"ங்காரு. எல்லாரும் சிரிக்காவ. நானும் சிரிச்சு வைக்கேன்.

இன்னைக்கு மத்தியானம் பருத்தி எடுத்துட்டுப் போன ஒருத்தி வாசல்ல நின்னு தண்ணி கேட்டா. செம்பையே அவ கையில குடுத்துட்டேன். அண்ணாந்து குடிச்சா. திருப்பிக் குடுக்கும்போது, "வாயில படல தாயி"ன்னு சொல்லிட்டுப் போறா. நான் கேக்கவே இல்லட்டி.

செம்புல இன்னும் பாதித் தண்ணி கெடக்கு. தெளிக்கக் கை வரல. தெளிக்காம உள்ள போகக் காலும் வரல. அங்கனயே வாசல்ல உக்காந்துதான் இத எழுதுதேன். பொழுது சாஞ்சிட்டு. உள்ள சாமிக்கு இன்னும் வெளக்கு வைக்கல.

யாராவது வந்து கூப்பிட்டா உள்ள போயிருவேன். பேச்சித்தாய் மதினியையும் கூட்டிட்டு நீ வாரியாட்டி?

அத்தை