நாத்தனார் முடிச்சு யார் போடுவது

புதுச்சேரி, குருசுக்குப்பம்
12-10-1962

என் மகள் அஞ்சலாட்சிக்கு அம்மா செல்வாம்பாள் எழுதுவது. இங்கே அப்பா, தம்பி முத்து, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் உன்னோடு இருக்கும் பெண்களும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. இத்தனை வருடம் முத்துவை எழுதச் சொல்லி, பெயரே போடாமல் பிள்ளைக்கு என்று தொடங்குவேன். நீயாக வைத்துக்கொண்ட பெயரை எழுத இன்றைக்குத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது, அதனால் நானே எழுதுகிறேன், கோழி கிளறினதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

தம்பி கல்யாணத்துக்கு வரலாமா என்று கேட்டு நீ போட்ட கடிதம் வந்தது. வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன், யாராவது கேட்டால் தூரத்து உறவுப் பையன் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் உன்மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. ஏழு வருடம் படாத பாடு பட்டுவிட்டு இப்போது இந்தக் கும்பலுக்குப் பயந்து வேஷம் போடப் போகிறாயா. இவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள் என்று அங்கிருந்து உனக்குத் தோன்றுகிறதோ என்னவோ, இவர்கள் லட்சணத்தைச் சொல்கிறேன் கேள். உன் பெரியப்பா காசிலிங்கம், எட்டு வருடத்துக்கு முன்னால் கதர்த் தொப்பி மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரனை விரட்டினதே நான்தான் என்று தெருத்தெருவாகத் திரிந்தாரே, நினைவிருக்கிறதா. இப்போது பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்று ஆவணியிலிருந்து ஊரெல்லாம் இதே பேச்சு. எழுதிக்கொடுக்கிற வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றவர் அவர்தான். தொப்பியை எலி கடித்துவிட்டதாம். அவருக்கு நாலு ஆள் பின்னால் உன் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், பதிவேட்டில் பையன் என்று இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று உன்னை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பினாரே, அவர். மார்க்கெட்டிலிருந்து மீன் கூடையோடு வந்த என்னைப் பார்த்ததும் குடையை விரித்துக்கொண்டார், மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று இவர்கள் ஒரு கையெழுத்தில் மாறிவிடலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். நீ நடை பழகின நாளிலிருந்து நான் பெண் என்று ஒன்றையேதான் சொன்னாய், உன்னைத்தான் கல்லால் அடித்தார்கள். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜானகிராமன் இப்போது என்னிடம் மீன் வாங்குவதில்லை, விலை கேட்க என் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போன வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா தணிகாசலம் ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்திருந்தார். பெண் பெயர் தனம், நல்ல பெண், அதிகம் பேசமாட்டாள், உன் தம்பிக்கு அதுவே அதிகம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டும் நாத்தனார் போடவேண்டுமே, அது யார் என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். உடனே பெரியப்பா, எம் பொண்ணு வசந்தா இருக்காளே, அவ போட்டுடுவா என்றார், நாத்தனாருக்கு எடுக்கும் பட்டுச் சேலைமேல் அந்த மனிதருக்கு அவ்வளவு நாக்கு. உன் அப்பா வழக்கம்போல் வெற்றிலையை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தார், முப்பது வருடமாக அங்கே என்னதான் தெரிகிறதோ. முத்து தரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன், எம் புள்ளைக்குக் கூடப்பொறந்த அக்கா ஒருத்தி இருக்கா, பம்பாயில ரவிக்கை தைக்கிறா, அவ வந்துதான் போடுவா என்று. உன் கதை முழுவதும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். தணிகாசலம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்ல கலந்துகிட்டு சொல்லி அனுப்புறேன் என்று கிளம்பினார். இன்றுவரை பதில் இல்லை. கல்யாணம் நின்னா ஒன்னாலதான் என்று பெரியப்பா வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார், கத்தட்டும்.

மூன்று நாள் கழித்து உன் தம்பி அடுப்படிக்கு வந்து, யம்மா, யக்காவே போடட்டும், பொண்ணு வீட்ல வேணாம்னா எனக்கும் அந்தக் கல்யாணம் வேணாம் என்றான். பள்ளிக்கூடம் போகும்போது உன்னோடு நடக்க வெட்கப்பட்டு எதிர்ச் சாரியில் போவானாம், அதைச் சொல்லி அழுதான். இதைச் சொல்ல இந்தத் தடியனுக்கு ஏழு வருடமும் மூன்று நாளும் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் உன்னை வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. பள்ளிக்கூடத்தில் விரட்டின மறுநாள் ஆளைக் கூட்டிவந்து உன் தலையை மழித்தார்களே, அந்த ஆளைப் பெரியப்பாதான் அனுப்பினார் என்று உன்னிடம் சொன்னேன். அவர் இல்லை. நான்தான் போய்க் கூட்டிவந்தேன். முடி போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன், தெருவில் தலை நிமிர்ந்து கூடை தூக்கவேண்டுமே என்றும் நினைத்தேன். நீ கதறினபோது பெரியப்பாவைத் திட்டிக்கொண்டே உன் தலையில் சந்தனம் தடவினேன், நீ என் மடியிலேயே தூங்கினாய். இரண்டு நாள் கழித்து வீட்டைவிட்டுப் போய்விட்டாய். இந்தக் கடிதத்தில் எத்தனை பேரைக் கேவலமாக எழுதியிருக்கிறேன், அவர்களில் ஒருத்தர்கூட எனக்குக் கீழே இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொண்டு வா என்கிறேன்.

வருவதானால் விழுப்புரத்தில் வண்டி மாறும்போது பெட்டியைக் கையைவிட்டு வைக்காதே, வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே. ராத்திரி கண்விழித்துத் தைக்கிறாயாம், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாரியம்மன் புண்ணியத்தில் நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். அவர்கள் பெண் கொடுத்தால் முகூர்த்தம் கார்த்திகை பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, மறக்காதே. நான் செய்ததைப் படித்தபிறகு நீ வராமல் இருந்தால் அதுவும் நியாயம்தான். அப்படியானால் வசந்தாவும் வேண்டாம், வேறு யாரும் வேண்டாம், மூன்று முடிச்சையும் நீயே போடு என்று முத்துவிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
செல்வாம்பாள்