காளான் கொட்டகையில் பச்சை விளக்கு

2 அக்டோபர், வியாழன்

காலையிலேயே எரிச்சல். நேற்று ஆயுத பூஜைக்காகக் கழற்றிச் சாமி முன் வைத்த குட்டிக் கம்ப்யூட்டரை இன்று கொட்டகையில் மாட்டினால், எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை சிமிட்டவே இல்லை. அதாவது கரண்ட் வருகிறது, மெமரி கார்டிலிருந்து, அதை இயக்கும் லினக்ஸைப் படிக்கவில்லை.

காளானுக்குத் தண்ணீர் தூவுவது, விசிறி போடுவது எல்லாம் அதன் வேலை. பைகளில் இப்போதுதான் மொட்டு எட்டிப் பார்க்கிறது. இந்த வெயிலில் ஒரு பகல் காய்ந்தாலும் போச்சு.

முதல் அறுவடை கெட்டால் ஈப்போ ஃபாக்டரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் கோகிலனிடம் சவடால் விட்டவள் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

3, வெள்ளி

அடாப்டரை மாற்றினேன். ஊஹும். தண்ணீரைக் கைப்பம்பால் நானே அடிக்கிறேன்.

4, சனி

கார்டை அழித்து லினக்ஸைப் புதிதாக எழுதினேன். இல்லை. காம்பார் டவுனுக்குப் போய்ப் புதுக் கார்டே வாங்கி வந்தேன். அதுவும் இல்லை. டிவியில் மாட்டிப் பார்த்தால் வெறும் கறுப்பு. என்னதான் வேண்டும் உனக்கு?

கோகிலன் லோரி ஓட்டிய களைப்போடு வந்து கைப்பம்பை வாங்கிக்கொண்டார். "நீ போய் அதப் பாரு, இத நான் அடிக்கிறேன்லா" என்றார். பாட்டுப் பாடிக்கொண்டே பைகளுக்குத் தண்ணீர் அடித்தார். அந்தக் குரலுக்குக் காளான் பயந்து உள்ளே போகாமல் இருந்தால் சரி. ஆனாலும் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு இன்று மனசு நிறைந்துபோனது.

5, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

இரண்டு கார்டும் ஒரே மாதிரி அடம் பிடித்தால் குற்றம் கார்டில் இருக்குமா? செருகும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. துருவா? முகர்ந்தேன். சந்தனம்!

பூஜையன்று என் மாமியார் வீரம்மா அரிவாள், பம்ப், லோரிச் சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். நான் கார்டை உருவிவிட்டுக் குட்டிக் கம்ப்யூட்டரைக் குப்புற வைத்திருந்தேன். இதற்கு நெற்றி எது என்று தேடியிருப்பார் போல. கார்டு போகும் வாயிலேயே தாராளமாக ஒரு பொட்டு. மறுநாள் நான் மேலோடு துடைத்துவிட்டுக் கார்டைச் செருகி, மிச்சத்தை உள்ளே தள்ளியிருக்கிறேன். நல்ல கூட்டணி.

நான் சிரித்த சிரிப்பில் அத்தையே ஓடி வந்தார். விஷயம் கேட்டதும் முகம் வாடிவிட்டது. "நல்லா ஓடணும்னுதானே வச்சேம்மா" என்றார். கோபமா வரும்? கட்டிக்கொண்டேன்.

அவர் டார்ச் பிடிக்க, நான் பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தேன். காயவிட்டுக் கார்டைச் செருகினேன். பச்சை சிமிட்டியது! டிவியில் வரிகள் மளமளவென்று ஓடின. ஒவ்வொரு வரியிலும் ஓகே, ஓகே.

"இத்தன வாட்டி ஓகே சொல்லுதே, நம்பலாமா?" என்று கேட்டார் அத்தை. நம்பலாம் என்றேன்.

6, திங்கள்

தூவுகிறது. சுற்றுகிறது. அப்பாடா.

8, புதன்

காளான் கொத்துக் கொத்தாக விரிந்து நிற்கிறது. விடிந்ததிலிருந்து மூன்று பேரும் பறிக்கிறோம், கூடை போதவில்லை. கோகிலன் லீவு போட்டுவிட்டார். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

ஃபாக்டரித் தோழி மங்களம் ஃபோன் செய்தாள். என் சவடால் அங்கேயும் எட்டியிருக்கிறது போல. சூப்பர்வைசர் கேட்கிறாராம், அடுத்த வார ஷிஃப்டில் என் பெயரைப் போடலாமா என்று. இரண்டு கையிலும் காளான். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"போட வேணாம்னு சொல்லிரு மங்களம்" என்றேன். "ஆமா, உனக்கு எப்ப லீவு? இங்க பறிக்க ஆள் பத்தலடி."