உன் கோபத்துக்கு வைத்தியம் வேண்டாம்

ஏழு கடல் தாண்டிப் போய் ஊரார் மனங்களையெல்லாம் பழுதுபார்க்கும் என் அக்காள் மகளுக்கு, அவளைத் தூக்கிச் சுமந்ததில் ஒரு தோள் நிரந்தரமாகச் சாய்ந்துபோன மாமன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது.

அதை நான்தான் உரக்க வாசித்தேன். முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன் பார், எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணியெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

உன்னிடம் ஆலோசனைக்கு வந்தவன் கதவைத் திறந்ததும் உன் நிறத்தைப் பார்த்துவிட்டு, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டானாம். நான்தான் என்றதும் நேரே வரவேற்பறைக்குப் போய், "எங்க ஆளுங்க யாராவது இருந்தா குடுங்க" என்றானாம். அவர்களும் தலையை ஆட்டி, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவனைப் பக்கத்து அறை ஆலோசகரிடம் மாற்றிவிட்டார்களாம். வாராந்தரக் கூட்டத்தில் நீ இதைக் கேட்டதற்கு, உன்னை மேற்பார்வை செய்யும் அம்மாள் குரலில் தேனைக் குழைத்து, "இந்தக் கோபம் சின்ன வயசுல யார் மேல இருந்துச்சும்மா?" என்றாராம்.

நீயும் நல்ல மாணவியாகத் தேடக் கிளம்பிவிட்டாய்! போன மாதம் திடீரென்று உன் அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா என்னை அடித்திருக்கிறாரா என்று கேட்டது இதற்குத்தானா? கொசுவை அடிக்கும் முன் அதனிடம் அனுமதி கேட்கிற மனிதர் அவர். பாவம், இரண்டு வேளை சாப்பிடவில்லை. தான் எப்போதாவது கை ஓங்கியிருக்கிறோமா என்று என்னிடம் வந்து விசாரித்தார்.

நானும் வருஷக்கணக்காக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். என் மாணவர்கள் இடிக்காத விளக்குக் கம்பம் இந்த ஊரில் இல்லை. ஆனால் இடித்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கம்பத்திடம் போய் உன் பிள்ளைப்பருவம் எப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நீ எழுதிக்கொடுத்த புகாரை, வியாழக்கிழமை விசாரணைக்கு முன்பே வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள் இப்போது. உன் கோபத்துக்கு நீயே ஆலோசனைக்குப் போக வேண்டுமாம். மறுத்தால் அந்த அம்மாள் உன் பயிற்சிச் சான்றில் கையெழுத்துப் போடமாட்டார், உனக்குத் தொழில் உரிமம் கிடைக்காது. 'வாங்கிடலாம்னு இருக்கேன் மாமா, தப்பு என்கிட்டதானோன்னு தோணுது' என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் இல்லை. கோபம் வராமல் இருந்திருந்தால்தான் உன்னை வைத்தியரிடம் அழைத்துப் போயிருப்பேன்.

நம் நிறத்துப் பிள்ளை ஒருத்தி உன்னிடம் வருவதாக முன்பு எழுதினாய். பள்ளியில் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று முதன்முதலாக உன்னிடம்தான் வாய் திறந்தாளாம். தொழில் தர்மப்படி பெயரைக்கூடச் சொல்லவில்லை நீ. நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அங்கே வந்து உட்காருகிறவர் அவளிடமும், கோபம் எங்கிருந்து வருகிறது என்று தேன் குழைப்பார். அவளும் வீட்டுக்குப் போய் தன் அப்பாவைச் சந்தேகப்படுவாள்.

உன் அத்தைக்கும் ஒரு செய்தி உண்டு: "அந்தம்மாவ ஒரு வாரம் இங்க அனுப்பச் சொல்லுங்க, நான் கேக்கறேன் அவங்க சின்ன வயசை." உன் அம்மாவோ, நீ ஊருக்கு வரும்போது இருக்கட்டும் என்று உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள். வாபஸ் வாங்கிவிட்டு வந்தால் கதவைச் சாத்திவிடுவேன் என்று வீரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எப்படி வந்தாலும் வா. ஆனால் வியாழக்கிழமை விசாரணைக்குப் போய்விட்டு வா.

அங்கே நாற்காலியின் நுனியில் உட்காராதே. நன்றாகச் சாய்ந்து உட்கார். நடந்ததை நடந்தபடி சொல். நடுவில் அழுகை வரும். வந்ததும் உருகிப்போய் உன் பக்கம் டிஷ்யூ பெட்டியைத் தள்ளுவார்கள், அது அவர்கள் தொழில். எடுத்துத் துடைத்துக்கொள், தாயி. துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடி.

உன் பக்கமே சாய்ந்திருக்கும்,
மாமன்