கிரமம் என்று எழுதியிருந்த இடம்

கெங்குவார்பட்டி
1938 ஜூலை 20

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெபராணிக்கு, அய்யா கருத்தக்கண்ணன் எழுதுவது.

எழுத்து கோணலாகவும் வரி ஏறி இறங்கியும் இருப்பதைப் பொறுத்துக்கொள், ஆத்தா. இது என் கை. போதகர் வைகுண்டராஜ் ஐயா ஆறு மாதமாக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. பவுல் அப்போஸ்தலரும் தம் கையால் எழுதியபோது பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதினாராம். அதைக் கேட்டதும் என் வெட்கம் பாதி போய்விட்டது. இப்போது தீப்பெட்டியைக்கூட வாசிக்காமல் கீழே வைப்பதில்லை. பெரியகுளம் போகும் பஸ்ஸின் பலகையை நான் வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அப்படியும் சந்தோஷம்தான்.

நீ கண்டிக்குப் போன இந்த ஐந்து வருஷமும் என் பெயரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் நம் சபை மூப்பர் பொன்னுராஜ் எழுதியவை. உன் அம்மா இறந்ததையும் அவர் எதிரே நின்றுதான் சொன்னேன். எழுதிவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு. ஆனால் அவர் கையால் எழுதக்கூடியது அல்ல. அதற்காகத்தான் இந்த வயதில் பலகையும் குச்சியும் எடுத்தேன்.

அந்த அறுப்பின் பண்டிகை நாளை நீ மறந்திருக்க மாட்டாய். விடியுமுன் போய்க் கோயிலைப் பெருக்கியவள் நீ. முன்னால் உட்கார்ந்திருந்தாய். திருவிருந்துக்கு அழைத்ததும் முதலில் எழுந்துவிட்டாய். மூப்பர் தெருக் குடும்பங்கள் குடித்த பிறகுதான் நம் தெருவுக்குத் திராட்சரசப் பாத்திரம் வரும் என்பது பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். மூப்பர் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டு, “ஏலே கருத்தக்கண்ணா, வேதத்துலயே எல்லாம் கிரமமா நடக்கணும்னு போட்டிருக்கு. ஒம் மகளுக்கு அது தெரியாதா?” என்றார். வேதத்தில் இருக்கிறது என்று சொன்னதும் நம்பிவிட்டேன். உன் கையைப் பிடித்து இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனேன். சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கவும் வைத்தேன். எட்டாம் நாள் நீ கப்பலேறப் போய்விட்டாய்.

வாசிக்க வந்ததும் நான் தேடிய முதல் சொல் அதுதான். கிரமம். இருந்தது. மூப்பர் பொய் சொல்லவில்லை. போதகர் ஐயாவிடம் காட்டினேன். அவர் கிரேக்கு படித்தவர். அந்தப் பாஷையில் அதற்குத் தாக்ஸிஸ் என்று பெயராம். சிப்பாய்களை அணி நிறுத்துவதற்கும் அதே சொல்தானாம். அப்படியானால் முன்னால் நிற்பவன் பெரியவன்தானே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அதுக்கு முந்தி என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க பெரியவரே” என்றார்.

வாசித்தேன். பவுல் அப்போஸ்தலர் காலத்துச் சபை ஒன்றில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்களாம். பின்னால் இருப்பவனுக்குச் சொல்ல ஒன்று கிடைத்தால் முன்னால் பேசுகிறவன் நிறுத்தி இடம் விடவேண்டுமாம். கிரமம் என்றது அதற்குத்தான். இன்னும் மூன்று தாள் முன்னுக்குப் புரட்டினேன், அதற்கு இரண்டு வாரம் பிடித்தது. முந்தி வந்தவர்கள் வயிறு நிறையத் தின்று, பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றதை அப்போஸ்தலர் கண்டித்திருக்கிறார். பந்திக்கு ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தை நம் கோயிலில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அது ஒரு சபைக்கு அவர் எழுதிய கடிதம் என்பதும் இப்போதுதான் தெரியும். நான் சட்டம் என்று நினைத்து என் பிள்ளையை இழுத்தேன்.

போன ஞாயிறு திருவிருந்துக்கு முன் அந்தப் பகுதியை நானே வாசிக்கக் கேட்டேன். போதகர் ஐயா சம்மதித்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். நான் முடிக்கும்வரை சபை முழுவதும் காத்திருந்தது, மூப்பரும் சேர்த்து. பிறகு பாத்திரம் பழைய வரிசையிலேயேதான் போயிற்று, ஆத்தா. போதகர் ஐயா தலை குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் மூப்பர், “எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதும் எங்களுக்கே வேதம் சொல்ல வந்துட்டியோ” என்றார். உள்ளே பாத்திரம் என்னிடம் வந்தபோது நான் வாங்கவில்லை. என் மகள் வரட்டும், காத்திருக்கிறேன் என்று போதகர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா மொக்கம்மாள் ஆயுசுக்கும் அடியில் மிஞ்சிய துளியைக் குடித்தவள். கடைசி நாளில் என்னிடம், “அவ கையப் புடிச்சு நீங்க இழுத்திருக்க வேணாம்” என்று மட்டும் சொன்னாள். மூப்பரிடம் எழுதச் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

உன்னை மன்னிப்புக் கேட்க வைத்தது என் தப்பு. சபைக்கு முன்னால் நான் சொல்லவேண்டும், நீ பக்கத்தில் நின்றால் சொல்லுவேன். எனக்கு அவசரமில்லை என்று எழுத ஆசை. ஆனால் அது பொய்.

கையில் நோவு இல்லாத நாள் பார்த்து வருகிற வாரமும் எழுதுவேன், அதற்குள் எழுத்து கொஞ்சம் நேராகும். நீ வந்து வாசலில் நின்றால் பாதியில் நிறுத்திவிடுவேன். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும்.

காத்திருக்கும் அய்யா,
கருத்தக்கண்ணன்